கம்ப்ரசர் எத்தனை ஆம்ப் இழுக்கிறது? போர்டையும் ஆளையும் சுடாமல் அளப்பது எப்படி

இரவு_ஷிப்ட்
எல்லோருக்கும் வணக்கம். பட்டறையில் 2 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் கம்ப்ரசர் ஒன்று இருக்கிறது. டேங்கில் காற்று குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் தானாக ஓட்டும், நிறைந்தால் நிறுத்தும். ஒரு நாளில் எத்தனை தடவை ஓடுகிறது, ஓடும்போது எத்தனை ஆம்ப் என்று இ.எஸ்.பி.32 போர்டில் (வை-ஃபை உள்ள சின்ன கண்ட்ரோலர் போர்டு) பதிவு செய்ய ஆசை.

கையில் ஏ.சி.எஸ்.712 என்ற கரண்ட் அளக்கும் மாட்யூல் (20 ஆம்ப்) கிடக்கிறது. பேஸ் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் அதன் பச்சை டெர்மினலில் திருகி, மறுபக்கத்தை பிரெட்போர்டுக்கு (சாலிடர் இல்லாமல் வயரைக் குத்தும் துளைப் பலகை) கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். திறந்திருக்கும் இடங்களில் இன்சுலேஷன் டேப். லேப்டாப்பை யு.எஸ்.பி.யில் சொருகி ரீடிங் பார்ப்பேன். இதில் ஆபத்து ஏதாவது உண்டா?

பேனல்காரன்
தம்பி, கம்பியை வெட்டும் முன் கேட்டாயே, அதுவே பெரிய விஷயம். வெட்டாதே.

அந்த மாட்யூலைத் திருப்பிப் பார். பச்சை டெர்மினலின் சாலிடர் முட்டுகள் அடிப்பக்கம் அப்படியே வெளியே தெரியும். மெஷின் ஓடும்போது அந்த இரண்டு முட்டும் 230 வோல்ட். மேசையில் வைத்துவிட்டு, வயர் கழன்றுவிட்டதே என்று போர்டைக் கையில் எடுத்தால் விரல் போய் உட்காரும் இடம் அதுதான். டேப் ஒரு மாதத்தில் சூட்டிலும் எண்ணெயிலும் பசை விட்டு வழுக்கிக்கொண்டு போகும்.

இன்னொன்று, மோட்டார் கரண்ட் முழுவதும் அந்தச் சின்னத் திருகு வழியாகத்தான் போகும். கம்ப்ரசர் அதிர்கிற மெஷின். திருகு கொஞ்சம் தளர்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். அப்புறம் பச்சை பிளாஸ்டிக் பழுப்பாகும்.

தகரப்பெட்டி
கொஞ்சம் ஓவராகப் பயமுறுத்துகிறீர்கள் அண்ணே. ஏ.சி.எஸ்.712 சிப்புக்குள் கரண்ட் போகும் செம்புப் பாதையும் சிக்னல் பக்கமும் தனித்தனி. டேட்டாஷீட்டில் 2.1 கிலோவோல்ட் தனிமைப்படுத்தல் என்று போட்டிருக்கிறான். நானே நாலைந்து இடத்தில் வைத்திருக்கிறேன், இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

பேனல்காரன்
சிப் நல்ல சிப்தான். அதை நான் குறை சொல்லவே இல்லை. ஆனால் டேட்டாஷீட் சிப்புக்குப் பேசுகிறது, அதைச் சுற்றி யாரோ போட்ட போர்டுக்குப் பேசவில்லை. கரண்ட் பக்கத்துச் செம்புக்கும் சிக்னல் பக்கத்துச் செம்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் விட்டிருக்கிறான் என்று ஸ்கேல் வைத்துப் பார். நடுவில் ஃபிளக்ஸ் கறை, உலோகத் தூசி, ஈரம் எல்லாம் படியும். நீ மூடிய பெட்டிக்குள் வைத்திருப்பாய். இந்தத் தம்பி பிரெட்போர்டு என்கிறார்.

அரைபிட்
பாதுகாப்பை விடுங்கள், கணக்கே ஒத்துவராது. அந்த மாட்யூல் 5 வோல்ட்டில் ஓடும். கரண்ட் இல்லாதபோது வெளியீடு 2.5 வோல்ட். 20 ஆம்ப் ரகத்தில் ஒரு ஆம்புக்கு 100 மில்லிவோல்ட் ஏறும். உங்கள் மோட்டார் சுமார் 9 ஆம்ப் இழுக்கும் என்று வையுங்கள். அலையின் உச்சி 9 இல்லை, 9 × 1.414, கிட்டத்தட்ட 12.7 ஆம்ப். அதாவது 2.5 + 1.27 = 3.77 வோல்ட். இ.எஸ்.பி.32-இன் உள்ளீட்டுக் காலுக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இது சும்மா ஓடும்போது. ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் வழக்கமான கரண்டைப் போல 5 மடங்கிலிருந்து 8 மடங்குவரை இழுக்கும்.

கம்பியை வெட்டாமல் வெளியே மாட்டும் கிளாம்ப் வகை சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வாங்குங்கள். எஸ்.சி.டி.-013 என்று கிடைக்கும். வாயைத் திறந்து இன்சுலேஷனோடு இருக்கும் கம்பியைக் கவ்வினால் போதும், கரண்டுக்கும் போர்டுக்கும் உலோகத் தொடர்பே கிடையாது. வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் ஒரே உருவத்தில் இரண்டு சாதி இருக்கிறது. 013-000 என்றால் 100 ஆம்புக்கு 50 மில்லிஆம்ப் கரண்ட் தரும். அந்தக் கரண்டை வோல்ட்டேஜாக மாற்றும் பர்டன் ரெசிஸ்டர் உள்ளே கிடையாது, நீங்கள்தான் போட வேண்டும். 013-030 என்றால் 30 ஆம்புக்கு 1 வோல்ட், ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும்.

சுருள்
அந்த 000 மாடலில் எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பர்டன் இல்லாமல் கம்பியில் மாட்டி மெஷினை ஓட்டவே கூடாது.

சி.டி. ஒரு பிடிவாதக்காரன். உள்ளே 2000 சுற்று இருக்கிறது. வெளியே 10 ஆம்ப் போனால் 5 மில்லிஆம்பை எப்படியாவது தள்ளியே தீருவேன் என்று நிற்கும். வழி இருந்தால் அமைதியாகப் போகும். வழியை அறுத்துவிட்டால் தள்ளுவதற்காக வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். இந்தச் சின்னக் கிளாம்பில் உள்ளே சுருளின் இன்சுலேஷனும் உங்கள் போர்டும்தான் பலி. பெரிய பேனல் சி.டி.யில் ஆளே பலியாகலாம். சில மாடல்களில் உள்ளே தடுப்பு டயோடு வைத்திருப்பார்கள். அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆகவே பர்டன் ரெசிஸ்டரை பிரெட்போர்டில் குத்தாதீர்கள். பிரெட்போர்டில் ஒரு கால் தூக்கினாலே வழி அறுந்துவிடும். சி.டி. கம்பியின் முனையிலேயே சாலிடர் பண்ணி, சுருங்கும் ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.

அரைபிட்
ரெசிஸ்டர் மதிப்பு: 100 ஆம்பின் உச்சி 141 ஆம்ப். அதை 2000-ஆல் வகுத்தால் 70.7 மில்லிஆம்ப். 3.3 வோல்ட் போர்டில் நடுப்புள்ளி 1.65. 1.65-ஐ 0.0707-ஆல் வகுத்தால் 23.3 ஓம். கடையில் இருப்பது 22. அதைப் போடுங்கள். 5 வோல்ட் அர்டுயினோ என்றால் இதே கணக்கில் 35 வரும், 33 போடலாம்.

சிக்னல் மேலும் கீழும் ஆடும், போர்டுக்கு நெகடிவ் பிடிக்காது. அதனால் இரண்டு 10 கிலோஓம் ரெசிஸ்டரால் 3.3-ஐப் பாதியாக்கி, அந்த நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து, சி.டி.யின் ஒரு முனையை அங்கே உட்கார வையுங்கள். மறுமுனை 1 கிலோஓம் வழியாக ஏ.டி.சி. (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) காலுக்கு. அந்த 1 கிலோஓம் சும்மா இல்லை, ஸ்டார்ட்டில் வோல்ட்டேஜ் எகிறினால் காலுக்குள் போகும் கரண்டை அதுதான் கட்டுப்படுத்தும்.

தகரப்பெட்டி
சி.டி. பக்கத்திலேயே பர்டன் போட்டால் நீளமான வயரில் சின்ன வோல்ட்டேஜ் சிக்னல்தான் வரும். வழியில் உள்ள இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். கரண்டாகவே கொண்டுவந்து போர்டில் பர்டன் போட்டால் சுத்தமாக இருக்குமே?

சுருள்
உண்மைதான், அளவுக்கு அது நல்லது. ஆனால் நடுவே அந்த 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் பின் இருக்கிறது. மெஷின் ஓடும்போது யாராவது உருவினால்? நடுவழி ஒன்று உண்டு. சி.டி. முனையில் எதிரெதிராக இரண்டு ஜீனர் டயோடு (அல்லது இருதிசை டி.வி.எஸ். ஒன்று), போர்டில் பர்டன். பின் கழன்றாலும் ஜீனர் வோல்ட்டேஜை ஏற விடாமல் பிடித்துக்கொள்ளும். வயர் 2 மீட்டருக்குள் என்றால் எனக்கு இந்த வம்பே வேண்டாம். முனையிலேயே பர்டன், முறுக்கிய ஜோடி வயர், முடிந்தது.

இரவு_ஷிப்ட்
எல்லோருக்கும் நன்றி. 000 மாடல் வாங்கி, 22 ஓமை முனையிலேயே சாலிடர் பண்ணிவிட்டேன். கம்ப்ரசருக்குப் போகும் கறுப்பு ரப்பர் கேபிளைக் கவ்வினேன். மெஷின் கத்திக்கொண்டு ஓடுகிறது, ரீடிங் பூஜ்யம். சி.டி. செத்துவிட்டதா?

பேனல்காரன்
சி.டி. நன்றாக இருக்கிறது. கேபிளுக்குள் பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று போகிறது, ஒன்று வருகிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும். பேஸ் ஒன்றை மட்டும் கவ்வ வேண்டும்.

இங்கேதான் நிதானம் தேவை. கேபிளின் வெளியுறையைக் கத்தியால் கீறிப் பிரிக்காதே. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கம்பிகள் ஏற்கெனவே பிரிந்துதான் இருக்கும், அங்கே மாட்டு. பெட்டியைத் திறக்கும் முன்:

எம்.சி.பி.யை (சர்க்யூட் பிரேக்கர்) இறக்கு. பூட்டு மாட்ட வழியிருந்தால் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போடு. இல்லையென்றால் அதன் மேல் தெரியும்படி எழுதி ஒட்டு. "நான் இறக்கிவிட்டுத்தான் வந்தேன்" என்பவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், இன்னொருவர் "ஏன் ஆஃப் ஆயிருக்கு" என்று போட்டுவிட்டிருப்பார். அப்புறம் மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்துப் பார், வேலை செய்கிறதா என்று. பிறகு பெட்டிக்குள் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார். பிறகு மறுபடியும் அந்தப் பிளக்கில். நடுவில் மீட்டர் செத்துப்போய் 0 காட்டினால் அதை நம்பிக் கைவைப்பாய், அதற்குத்தான் இந்த மூன்றாவது படி. நியான் டெஸ்டர் ஸ்குரூடிரைவரை மட்டும் நம்பி இறங்காதே. மோட்டார் மேல் இருக்கும் கெப்பாசிட்டர் பக்கம் போகவே தேவையில்லை, அது ஆஃப் ஆன பின்பும் சார்ஜ் வைத்திருக்கும்.

இந்த வேலை பழக்கமில்லையென்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டுக் கிளாம்பை மட்டும் மாட்டச் சொல். பத்து நிமிட வேலை. இன்சுலேஷன் உள்ள கம்பியில்தான் மாட்ட வேண்டும், வெறும் செம்பில் இந்தக் கிளாம்பை வைக்கக் கூடாது. வெளியே வரும் சிக்னல் வயருக்குத் தனி ஓட்டை, தனி கிளாண்ட் (ஓட்டையில் வயரை இறுக்கிப் பிடிக்கும் பாகம்).

புதுக்கம்பி
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பேனலில் ஏற்கெனவே 200/5 சி.டி. (200 ஆம்புக்கு 5 ஆம்ப் தருவது) இருக்கிறது, முகப்பில் உள்ள அம்மீட்டருக்குப் போகிறது. அந்த அம்மீட்டரைக் கழற்றிவிட்டு வயரை நேராக என் பர்டனுக்கு இழுத்துக்கொள்ளலாமா?

சுருள்
மெஷின் ஓடும்போது அந்த அம்மீட்டர் வயரைக் கழற்றினால், நான் மேலே சொன்ன பிடிவாதக்காரன் நிஜமாகவே உங்கள் கையைப் பிடித்துக்கொள்வான். அந்த வயரைத் தொடாமலே வேலை முடியும். சி.டி.யிலிருந்து அம்மீட்டருக்குப் போகும் ஒற்றை வயரைச் சுற்றிச் சின்ன எஸ்.சி.டி.-013-005-ஐக் கவ்வ விடுங்கள். 5 ஆம்புக்கு 1 வோல்ட் தரும் மாடல். வருவதை 40-ஆல் பெருக்கினால் மோட்டார் கரண்ட். அம்மீட்டரும் அதன் பாட்டுக்குக் காட்டும்.

புதுக்கம்பி
அட, இது தோன்றவே இல்லையே.

இரவு_ஷிப்ட்
எலக்ட்ரீஷியனை வைத்தே பெட்டியைத் திறந்து பேஸில் மாட்டியாகிவிட்டது. ரீடிங் வருகிறது! ஆனால் மூன்று தொல்லை. ஒன்று, மெஷின் நின்றிருக்கும்போதும் 0.35 ஆம்ப் காட்டுகிறது. இரண்டு, ஓடும்போது 8.9 காட்டுகிறது, அவருடைய கிளாம்ப் மீட்டர் 9.4 என்கிறது. மூன்று, வை-ஃபை போட்டவுடன் ரீடிங் வரவே மாட்டேன் என்கிறது. காலாக 4-ஐ எடுத்திருக்கிறேன்.

அரைபிட்
கடைசியிலிருந்து வருகிறேன். கால் 4 இரண்டாவது ஏ.டி.சி.யைச் சேர்ந்தது, வை-ஃபை ஓடும்போது அதைப் பயன்படுத்த முடியாது. 32 முதல் 39 வரை உள்ளவை முதல் ஏ.டி.சி.; 34-க்கு மாற்றுங்கள்.

0.35: 12 பிட் என்றால் 4096 படி. ஒரு படி சுமார் 0.8 மில்லிவோல்ட். 22 ஓமையும் 2000 சுற்றையும் வைத்துத் திருப்பினால் ஒரு படி 0.073 ஆம்ப். ஆக உங்கள் 0.35 என்பது வெறும் ஐந்து படி இரைச்சல், இந்த போர்டுக்கு அது சாதாரணம். ஆர்.எம்.எஸ். (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) கணக்கில் இரைச்சல் வர்க்கமாகச் சேர்வதால் மெஷின் ஓடும்போது அது கரைந்துபோகும். 9.4-இன் வர்க்கத்தோடு 0.35-இன் வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுத்துப் பாருங்கள், 9.41-கூட வராது. 1 ஆம்புக்குக் கீழே என்றால் "நின்றிருக்கிறது" என்று எழுதிவிடுங்கள்.

8.9-க்கும் 9.4-க்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சந்தேகப்பட இரண்டு பேர். 22 ஓம் 5 சதவீத ரகம் என்றால் அதுவே தள்ளிவிடும். அடுத்து, நீங்கள் படிகளை 3.3 / 4096-ஆல் பெருக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த சிப்பின் ஏ.டி.சி. நேர்கோட்டில் போகாது. உள்ளே இருக்கும் ஆதார வோல்ட்டேஜ் பெயருக்கு 1.1, சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும். மில்லிவோல்ட்டாகவே திருப்பித் தரும் செயற்கூறு ஒன்று உண்டு, ஆலையில் பதிந்த திருத்தத்தை அது சேர்த்துக்கொள்ளும். அதற்கு மாறிவிட்டு, மிச்சமிருக்கும் வித்தியாசத்தைக் கிளாம்ப் மீட்டரை வைத்து ஒரு பெருக்கெண்ணால் சரிசெய்யுங்கள்.

கணக்கு எப்படிப் போடுகிறீர்கள்? சிலர் 100 ரீடிங்கில் பெரியதை எடுத்து 1.414-ஆல் வகுக்கிறார்கள். மோட்டார் கரண்ட் சுத்தமான சைன் அலை இல்லை, ஒரு இரைச்சல் முள் வந்தாலே எண் தாவிவிடும். ஒவ்வொரு ரீடிங்கிலும் சராசரியைக் கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம். முழு அலைகளாக எடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலை 20 மில்லிவினாடி. பத்து அலைக்கு 200. 60 ஹெர்ட்ஸ் உள்ளவருக்கும் 200 மில்லிவினாடியில் சரியாக 12 அலை வந்துவிடும்.

சுருள்
கிளாம்பின் வாயையும் பாருங்கள். இரண்டு ஃபெரைட் முகங்களும் கண்ணாடிபோல் பளபளப்பாக இருக்கும், நடுவில் ஒரு துகள் சிக்கினாலே இடைவெளி விழுந்து ரீடிங் குறையும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். "டக்" என்று முழுசாகப் பூட்டியிருக்க வேண்டும். அழுத்தி மூடாதீர்கள், ஃபெரைட் பீங்கான் மாதிரி உடையும்.

100 ஆம்ப் சி.டி.யில் 9 ஆம்ப் அளப்பது கடப்பாறையால் பல் குத்துவது. கம்பி நீளம் இருந்தால் வாய்க்குள் இரண்டு தடவை நுழைத்து எடுங்கள். சி.டி.க்கு 18.8 ஆம்ப் போலத் தெரியும், போர்டின் நிரலில் பாதியாக்கிக்கொள்ளலாம், இரைச்சலும் பாதியாகிவிடும். துவாரம் 13 மில்லிமீட்டர்தான். மூன்று சுற்றுக்குப் போகாதீர்கள், ஸ்டார்ட் 50 ஆம்ப் என்றால் அலையின் உச்சி வெட்டுப்படும். இரண்டிலேயே நுனி லேசாக வெட்டுப்படலாம், ஸ்டார்ட்டை எண்ணுவதற்கு அது போதும்.

தகரப்பெட்டி
நான் கேட்டே ஆக வேண்டும். ஒரு ஷண்ட் ரெசிஸ்டரை (கரண்ட் போகும் வழியிலேயே வைக்கும் மிகச் சிறிய ரெசிஸ்டர்) நியூட்ரலில் போட்டால் இவ்வளவு சுற்றும் வேண்டாமே? 0.01 ஓம், 9 ஆம்புக்கு 90 மில்லிவோல்ட். நியூட்ரலில் வோல்ட்டேஜ் கிடையாது, ஷாக்கும் இல்லை.

அரைபிட்
நான் அதைச் செய்தவன். சொல்கிறேன்.

ஷண்டின் ஒரு முனை அர்டுயினோ கிரவுண்டில், அர்டுயினோ லேப்டாப்பில், லேப்டாப் சார்ஜர் எர்த்தோடு. இரண்டு நாள் அழகாக ஓடியது. மூன்றாவது நாள் மெஷினை வேறு பிளக்கில் சொருகினேன். அந்தப் பிளக்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தது. பேஸ் நேராக ஷண்ட் வழியாக அர்டுயினோ கிரவுண்ட், யு.எஸ்.பி. உறை, எர்த். ஒரு நீல வெளிச்சம், ஒரு சத்தம். எம்.சி.பி. விழுந்தது. யு.எஸ்.பி. பின்னின் ஒரு மூலை உருகி ஒட்டிக்கொண்டிருந்தது, லேப்டாப் திரும்பவும் எழவே இல்லை. என் கை அந்த நேரத்தில் காபி கோப்பையில் இருந்தது, போர்டில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

விலை குறைந்த ஸ்மார்ட் பிளக்கைப் பிரித்து உள்ளே யு.எஸ்.பி. சீரியலைச் சொருகுபவர்களுக்கும் இதே கதைதான். பெரும்பாலும் அவற்றின் கிரவுண்டே மெயின்ஸில்தான் தொங்கும். ஷண்ட் வேண்டுமென்றால் நடுவே தனிமைப்படுத்தும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

தகரப்பெட்டி
சரி. வாபஸ்.

பேனல்காரன்
இன்னொரு பக்கம் யாரும் சொல்லவில்லை. போர்டுக்கு சப்ளை எங்கிருந்து? பெட்டிக்குள்ளேயே மெயின்ஸிலிருந்து கெப்பாசிட்டரால் குறைத்து எடுக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாத சப்ளை போடாதே. கிளாம்ப் போட்டுச் சம்பாதித்த தனிமை எல்லாம் அந்த வழியில் போய்விடும். நல்ல 5 வோல்ட் அடாப்டர், வெளியே.

இரவு_ஷிப்ட்
வெளியே அடாப்டர்தான் அண்ணே. இன்னொரு சந்தேகம்: 9.4-ஐ 230-ஆல் பெருக்கி 2162 வாட் என்று எழுதிக்கொள்ளலாமா?

சுருள்
கூடாது. அது வோல்ட்-ஆம்ப், வாட் இல்லை. மோட்டாரில் கரண்ட் வோல்ட்டேஜுக்குப் பின்னால் வரும். லோடே இல்லாத சிங்கிள் பேஸ் மோட்டார், முழு லோடில் இழுக்கும் ஆம்பில் பாதிக்கு மேல்கூட இழுக்கும், ஆனால் வாட் அதைவிட வெகு குறைவு. வாட் வேண்டுமென்றால் வோல்ட்டேஜையும் அதே நொடியில் அளக்க வேண்டும். அதற்குத் தயாராகக் கிடைக்கும் பி.இசட்.இ.எம்.-004டி மாட்யூல் நல்லது, சீரியல் பக்கம் ஆப்டோகப்ளரால் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் பாகம்) பிரிந்திருக்கும். அதன் வோல்ட்டேஜ் டெர்மினலில் மெயின்ஸ் இருக்கும், அதனால் மூடிய பெட்டி கட்டாயம். எத்தனை தடவை ஓடியது என்பதற்கு உங்கள் ஆம்ப்பே போதும்.

வேக மாற்றி, அதாவது வி.எஃப்.டி., உள்ள மெஷினில் இதைச் செய்பவர்கள் அதன் உள்வரும் பக்கத்தில் மாட்டுங்கள். வெளியேறும் பக்கத்தில் அதிர்வெண்ணே மாறிக்கொண்டிருக்கும். டி.சி. மோட்டாருக்கு சி.டி. எதையும் காட்டாது, அதற்கு ஹால் வகைக் கிளாம்ப் (காந்தப்புலத்தை நேரடியாக உணர்வது).

இரவு_ஷிப்ட்
ஒரு வாரம் கழித்து வருகிறேன். கால் 34, இரண்டு சுற்று, மில்லிவோல்ட் செயற்கூறு. இப்போது போர்டு 9.3, மீட்டர் 9.4. இதற்கு மேல் நான் கேட்க மாட்டேன்.

ஆனால் நேற்று இரவுப் பதிவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பட்டறை பூட்டியபின், யாரும் காற்று எடுக்காத நேரத்தில், 11 நிமிடத்துக்கு ஒரு முறை கம்ப்ரசர் ஓடியிருக்கிறது. விடியும்வரை. ஒவ்வொரு தடவையும் 40 நொடி, தொடக்கத்தில் 8.6 ஆம்ப், நிற்கும் முன் 9.4. அழுத்தம் ஏற ஏற ஆம்ப் ஏறுவது வரைபடத்தில் அப்படியே தெரிகிறது.

பேனல்காரன்
எங்கோ கசிகிறது. டேங்கின் அடியில் உள்ள தண்ணீர் வடிகால் வால்வில் ஆரம்பி. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்.

இரவு_ஷிப்ட்
வடிகால் வால்வேதான் அண்ணே! நுரை பொங்கிக்கொண்டு வந்தது. வால்வை மாற்றியாயிற்று. நேற்று இரவு முழுக்க மூன்றே தடவைதான் ஓடியிருக்கிறது. பெட்டியின் படத்தை இணைத்திருக்கிறேன்.

சுருள்
படத்தில் பிரெட்போர்டு தெரிகிறதே.

இரவு_ஷிப்ட்
அதில் இருப்பது அந்த இரண்டு 10 கிலோஓம், கெப்பாசிட்டர், 1 கிலோஓம் மட்டும்தான். 22 ஓம் சி.டி. முனையில் ஸ்லீவுக்குள் இருக்கிறது, படத்தில் மஞ்சள் டேப்புக்குக் கீழே பாருங்கள்.

சுருள்
பார்த்தேன். சரி, பிழைத்தாய். மிச்சத்தையும் ஞாயிற்றுக்கிழமை சாலிடர் பண்ணிவிடு.